கழிப்பறைச் சாவிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்

ஒரு பெண் நூலகத்துக்குள் வருகிறார். வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். கழிப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போகிறார். திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறார், அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார், போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விடுகிறார். ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. அவர் வாசகரா, இல்லையா?

இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி ஒருமுறை பதில் சொல்லிவிட்டேன். அதனால்தான் எங்கள் ஊர் நூலகம் இப்போது மாலையில் பூட்டிக் கிடக்கிறது. என் மகள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது மதுரை திருநகரில். வரலாறு எம்.ஏ. படித்தேன், கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் சிம்மக்கல்லில் ஒரு மொத்த விலைக் கடையில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலை பார்க்கிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் நான், மாமியார், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

நூலகம் இருப்பது ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில். பருத்தி வியாபாரம் நடந்த காலத்தில் பொதி அடுக்கக் கட்டியது. கனத்த சுவர், தேக்கு உத்திரம், மேலே ஒரு பெரிய பரண், அதற்கு ஏறிப்போக மர ஏணி, நீலச் சாயம் அடித்த இரட்டைக் கதவு. பார்க்க அழகாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அங்கே ஒரு பகுதிநேர நூலகர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஊருக்கே அவர் அண்ணன். நூலகத்துக்கு வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. ஊரில் யாரும் செயலாளராக முன்வராததால், படித்த மருமகள் என்று என் பெயரை எழுதிவிட்டார்கள். மாதம் எத்தனை வாசகர்கள் வந்தார்கள் என்று மேலே, மாவட்ட நூலக அலுவலகத்துக்கு அனுப்பும் தாளில் நூலகரோடு நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருடம் எதையும் படித்துப் பார்க்காமல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஊராட்சித் தலைவர் ஒரு யோசனையோடு வந்தார். நூலகத்தைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், வெள்ளைக்காரர்கள்கூட வருகிறார்கள், இங்கே சுற்றுலா எப்படித் தொடங்கியது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் வாசலில் பெரிய பலகை வைத்துவிடலாம் என்றார். நீ வரலாறு படித்த பிள்ளைதானே என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படித்ததை வைத்து ஏதாவது செய் என்று கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னைக் கேட்டதில்லை.

பழைய பதிவேடுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கி உட்கார்ந்தேன். ஒரு வாரம் தூசியில் தும்மினேன். முதல் சில பதிவேடுகளில் எங்கள் ஊர்ப் பெயர்தான் வரிசையாக இருந்தது. நாளுக்கு நாலைந்து பேர், பெரும்பாலும் செய்தித்தாள் படிக்க வந்த ஆண்கள். திடீரென்று ஒரு பக்கத்தில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி என்று ஊர்கள் வர ஆரம்பித்தன. எழுதியிருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அதற்கு முந்தைய மாதம் நூலகத்தில் என்ன நடந்தது என்று தேடினேன். பெண் வாசகர்களுக்காகப் பின்பக்கம் ஒரு கழிப்பறை கட்டித் திறந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஊரில் பெண் வாசகர் என்று ஒருவர்கூட இல்லை.

எங்கள் ஊரைத் தாண்டித்தான் தேனிப் பக்கத்து அருவிகளுக்கு வேன்கள் போகும். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வார்கள். பெண்களுக்கு அந்தச் சாலை நெடுக ஒரு சுத்தமான இடம் கிடையாது. எந்த டிரைவர் முதலில் கண்டுபிடித்தாரோ, எங்கள் நூலகத்தில் நிறுத்தினால் வேலை முடியும் என்பது வேன்காரர்களிடையே பரவிவிட்டது. எங்கள் நூலகத்தின் சுற்றுலா வரலாறு அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மற்றதெல்லாம் பிறகு வந்தவை. வேனில் வந்த யாரோ பரணையும் ஏணியையும் படம் எடுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்து ஒரு குறும்படக் குழு வந்தது. அதற்கப்புறம் கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் நீலக் கதவில் சாய்ந்து நிற்க வந்தார்கள். கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் சுவரை டேப் வைத்து அளந்தார்கள். மதுரையில் ஒரு விடுதி, வெளிநாட்டு விருந்தினரைக் கிராமம் காட்டக் கூட்டி வரும்போது மாட்டுத் தொழுவத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் எங்கள் நூலகத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியது.

இத்தனை பேரும் வாசகர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் வைத்த வழக்கம் அது. கையெழுத்துப் போட்டால்தான் கழிப்பறைச் சாவி. படம் எடுப்பவருக்கும் அதே சட்டம்தான். ஒவ்வொரு மாதமும் அவர்கள் எல்லாரையும் வாசகர்கள் என்று எண்ணி மேலே அனுப்பியிருந்தார். கடைசி ஒரு வருடத் தாள்களின் கீழே என் கையெழுத்து.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"அண்ணே, இது வாசகர் பதிவேடுதான?"

"ஆமா தங்கச்சி."

"இதுல இருக்கவுகள்ல யாருண்ணே வாசிச்சா?"

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலால் இரண்டு மூன்று பெயர்களைத் தடவிப் பார்த்தார். "கதவுல 'தள்ளு'ன்னு எழுதிருக்குல்ல. அத வாசிச்சுத்தான உள்ள வந்தாக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பிறகு பொறுமையாகவே சொன்னார். முன்பு நூலகம் காலையில் மட்டும்தான் திறந்திருந்ததாம். இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று காட்டித்தான் மாலை நேரத்தைக் கேட்டு வாங்கினாராம். மின்விசிறி, நாற்காலி, சிறுவர் புத்தகங்கள் எல்லாம் அப்படி வந்தவையாம். இதை அவர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். நான் கேட்காத மாதிரி இப்போது பாசாங்கு செய்ய முடியாது. கேட்டேன். கேட்டும், பொய்க் கணக்கில் என் கையெழுத்து இருக்கிறதே என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

அந்த மாலை நேரம் எனக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மகள் வீட்டில் நன்றாகப் பேசுவாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாய் திறக்க மாட்டாள். டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார். நான் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்தேன், கெஞ்சினேன், ஒருநாள் அடித்தும்விட்டேன். மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை, பயம்தான், தானாகப் போகும் என்றார். போகவில்லை. கர்ப்பமாக இருந்தபோது நான் சரியாகச் சாப்பிடாததாலா, போனைக் காட்டிச் சோறு ஊட்டியதாலா என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பள்ளி விட்டதும் பத்துப் பிள்ளைகள் நூலகத்துக்குப் போவார்கள். பரணுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சத்தமாக வாசிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்த ஏற்பாடு இல்லை. புத்தகம் ஒரே பிரதிதான் இருந்தது, எல்லாருக்கும் உடனே கதை தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் மகள் ஒரு மாதம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் முறை தவறி அவள் கைக்குப் புத்தகம் வந்துவிட்டது. நரி கிணற்றில் விழப்போகிற இடம். மற்றவர்கள் "ம், வாசி வாசி" என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். வாசித்துவிட்டாள். நான் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குரல் யாருடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் உள்ளே போகப் பயமாக இருந்தது, என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று. அரை மணி நேரம் வாசலிலேயே நின்றேன். அதற்குப் பிறகு தினமும் வாசித்தாள். வகுப்பில்கூட ஒருமுறை இரண்டு வரி வாசித்ததாக டீச்சர் நீல மையில் எழுதினார்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பத்துப் பிள்ளைகள் தினமும் வருகிறார்களே, அந்த உண்மையான கணக்கே போதும் என்று நம்பினேன். பொய்யில் நடக்கிற இடத்தில் என் பிள்ளை வாசித்தால் அது நிலைக்காது என்றுகூட ஏதோ நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சிம்மக்கல் போன கணவரிடம் சொல்லி ஒரு பெரிய நீள நோட்டு வாங்கி வரச் சொன்னேன். சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். பெயர், ஊர், வந்த காரணம். அட்டையில் 'பார்வையாளர் புத்தகம்' என்று அழகாக எழுதி ஒட்டினேன். இனி வெளியூரிலிருந்து வருபவர்கள் இதில்தான் எழுத வேண்டும், வாசகர் பதிவேட்டில் வாசிப்பவர்கள் மட்டும், இல்லையென்றால் மாதத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் நோட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் பிடித்தார். "நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். வாசல் மேசையில் பழைய பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது அவர்மேலும் எனக்குக் கோபம்.

பலகைக்கு எழுதிக் கொடுத்ததும் அதே நேர்மையில்தான் எழுதினேன். கழிப்பறையில் தொடங்கி வெளிநாட்டு விருந்தினர் வரை ஒன்றையும் விடவில்லை. தலைவர் படித்துவிட்டு, கக்கூஸ் கதையை எல்லாம் போர்டில் எழுதினால் ஊர் மானம் என்ன ஆகும் என்று கேட்டார். கடைசியில், இந்தப் பழம்பெரும் நூலகத்தை நாடிப் பல தேசத்து அறிஞர்களும் வருகிறார்கள் என்று அவரே எழுதி வைத்துவிட்டார். அந்தப் பலகை முன்னாலும் இப்போது நின்று படம் எடுக்கிறார்கள்.

நோட்டுப் போட்ட ஐந்தாம் மாதம் மேலிருந்து கடிதம் வந்தது. வாசகர் வருகை வெகுவாகக் குறைந்துவிட்டதால் மாலை நேரம் நிறுத்தப்படுகிறது, இனி காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை மட்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள்.

நான் பதில் எழுதினேன். மறுபடி எழுதினேன். தல்லாகுளம் பக்கம் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போனேன். முதல் முறை சம்பந்தப்பட்டவர் விடுப்பு. இரண்டாம் முறை அவர் தாளைப் புரட்டிப் பார்த்து, போன வருடம் அத்தனை பேர் வந்தார்கள், இந்த வருடம் ஏன் வரவில்லை, வாசகர் வட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று என்னையே கேட்டார். வாசகர் வட்டம் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியுமா? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார். "ஊருல அம்புட்டுப் பேரும் சும்மா இருக்கையில, ஒனக்கு மட்டும் எதுக்குத்தா அந்தக் கோடு போடுற வேல?" எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை உருவினேன்.

பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தேன். புத்தகங்களை எடுத்து வந்து, பாய் விரித்து, சுண்டல் அவித்துக்கூட வைத்தேன். மாமியாருக்கு அந்த நேரம் டிவி தொடர். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் முகம் சுருங்கும். பிள்ளைகள் இரண்டு நாள் சுண்டல் தின்றார்கள், மூன்றாம் நாள் தொடர் பார்த்தார்கள், நாலாம் நாள் வரவில்லை. என் மகள் வாசிக்கவே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எப்போது வாசிப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளை வாசிக்கும்? அது எனக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. டைரியில் மறுபடி சிவப்பு மை.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. மாலையில் வேன் வந்தால் நூலகம் திறக்கிறது. தலைவர் போன் செய்தால் அண்ணன் சாவியோடு வருவார். சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் வரை கதவு திறந்திருக்கும். அப்போது பிள்ளைகள் எட்டிப் பார்த்தால் விரட்டிவிடுகிறார். நேரம் முடிந்த பிறகு பிள்ளைகளை உள்ளே விட்டு, ஏணியிலிருந்து எவனாவது விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது என்கிறார். அவர் பயமும் நியாயம்தான். ஒருமுறை ஒரு போட்டோ குழு அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இறக்கி, அட்டையின் நிறப்படி அடுக்கிவிட்டுப் போயிருந்தது. சிவப்பு எல்லாம் ஒரு தட்டு, நீலம் ஒரு தட்டு. உரம் பற்றிய புத்தகமும் பிரசவம் பற்றிய புத்தகமும் பச்சை என்பதால் பக்கம் பக்கமாக இருந்தன. நானும் அண்ணனும் பழையபடி அடுக்க ஒன்பது நாள் ஆயிற்று.

போன வாரம், அதிகாரி ஒருவர் நேரில் பார்வையிட வரப்போகிறார் என்று தகவல் வந்தது. மாலை நேரத்தைத் திரும்பக் கொடுக்கலாமா, அல்லது நூலகத்தையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டு, தலைவர் விரும்புகிறபடி இந்தக் கட்டடத்தைப் பார்வையாளர்களுக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று அவர்தான் முடிவு செய்வாராம். நான் பார்வையாளர் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவருக்கும் பெங்களூரிலிருந்து வந்த ஒருவருக்கும் நடுவில் பென்சிலில் குண்டுகுண்டான எழுத்து. என் மகள் பெயர். ஊர் என்ற இடத்தில் எங்கள் ஊர். வந்த காரணம் என்ற இடத்தில், மேலே இருந்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தாள். சுற்றிப் பார்க்க.

வீட்டுக்கு வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"டூரிஸ்ட்டுன்னா உள்ள விடுறாங்கம்மா. ஒரு ஆண்ட்டி கூடவே போயிட்டேன்."

"போயி என்ன பண்ணுன?"

"அந்த ஆண்ட்டி ஒரு புக்கக் குடுத்து, வாசிக்கிற மாதிரி உக்காரச் சொன்னாங்க. போட்டோவுக்கு."

"வாசிச்சியா?"

"மனசுக்குள்ள. வாய ஆட்டுனா படம் நல்லா வராதுன்னாங்க."

தலைவாரிவிடும் சாக்கில் அவளைத் திருப்பி உட்கார வைத்துக்கொண்டேன், என் முகத்தைப் பார்க்காதபடி.

அண்ணனிடம் போனேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். பார்வையாளர் புத்தகத்தில் உள்ள பெயர்களை எல்லாம் அந்தந்தத் தேதியில் வாசகர் பதிவேட்டில் ஏற்றிவிடலாம், விட்டுப்போனதைச் சேர்த்ததாகச் சொல்லிவிடலாம் என்றார். "இல்லாத பேரயா எழுதப் போறோம்? வந்தவுக பேரத்தான தங்கச்சி."

வந்தவர்கள் கையெழுத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதை அவர் பார்த்துக்கொள்வாராம். நான் திருத்திய மாதத் தாள்களில் மட்டும் போட்டால் போதுமாம்.

கணவரிடம் சொன்னேன். போடு, பிள்ளைக்காகத்தானே என்றார். அடுத்த நாள் காலையில், எதற்கும் இன்னொரு தடவை யோசி என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருக்கிற குழப்பம் போதாதா?

அடுத்தவர் கையெழுத்தை எழுத நான் துணைபோனால், பிடிபடும்போது அண்ணனின் வேலை போகும். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். உள்ளதை உள்ளபடி அதிகாரியிடம் சொல்லி இரண்டு நோட்டையும் வைத்தால், பார், வாசகர்களைவிடப் பார்வையாளர்கள்தான் அதிகம், இது நூலகமே இல்லை, காட்சிக்கூடம் என்று தலைவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார். என் நோட்டைவிட நல்ல ஆதாரம் அவருக்குக் கிடைக்காது. ஒன்றும் செய்யாமல், இனிமேல் வருகிறவர்களை மட்டும் பழையபடி வாசகர் பதிவேட்டில் எழுதவிட்டு ஒரு வருடம் காத்திருக்கலாம். அதற்குள் கட்டடம் கைவிட்டுப் போயிருக்கும், என் மகளும் நாலாம் வகுப்பு போயிருப்பாள்.

பிள்ளைகளை அன்றைக்கு அதிகாரி முன்னால் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். என் மகளை இன்னொருவர் பார்ப்பதற்காகப் புத்தகத்தோடு உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை அதுதான் சரியோ என்றும் நேற்று முழுவதும் யோசித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஊர்ப்புற நூலகங்களில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். இப்படிப்பட்ட பார்வையிடலுக்குப் போன அதிகாரிகளும் இருக்கலாம். வாய் திறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடிய அம்மாக்கள் நிச்சயம் இருப்பீர்கள். அதிகாரி வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அண்ணனைக் காட்டிக் கொடுக்காமல், தவறு என் நோட்டால் வந்தது என்று மட்டும் சொல்லி, அந்த மாலை நேரத்தைக் கேட்டு வாங்க வழி ஏதாவது உண்டா? அப்படி ஒரு விண்ணப்பத்தை எந்த வரியில் தொடங்க வேண்டும்? அது கிடைக்கும் வரை என் மகளை எங்கே உட்கார வைத்தால் அவள் வாசிப்பாள்? உங்களில் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.